சில்லறையோடு நின்ற வரிசை

கேள்வி: போராடுகிறவர்களுக்குக் கைபேசி துணையா, பகையா?

பதில்: இரண்டும்தான். 2019-இல் ஹாங்காங்கில் நடந்த போராட்டத்தைப் பாருங்கள். தனித் தலைவர் என்று ஒருவர் இல்லாமலே லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். எங்கே கூடுவது, எந்த முனையில் போலீஸ் நிற்கிறது என்பதெல்லாம் டெலிகிராம் குழுக்களில் உடனுக்குடன் வந்தது.

ஆனால் அவர்களில் பலர் மெட்ரோ நிலையத்தில் டிக்கெட் இயந்திரத்தின் முன்னால் சில்லறையோடு நீண்ட வரிசையில் நின்றார்கள். பையில் ஆக்டோபஸ் என்ற பயணக் கட்டண அட்டை இருந்தும் எடுக்கவில்லை. அதை வைத்துப் பயணம் செய்தால் எந்த நிலையத்தில், எத்தனை மணிக்கு ஏறினோம் என்பது பதிவாகிவிடும். முகம் தெரியாதவர்களுக்காக டிக்கெட் வாங்கி இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. எத்தனை பெரிய மனசு!

டெலிகிராமிலும் ஓட்டை இருந்தது. ஆயிரக்கணக்கான எண்களைத் தொடர்புப் பட்டியலில் ஏற்றினால், குழுவில் இருப்பவரின் எண்ணைக் கண்டுபிடித்துவிட முடிந்தது. போலீஸ் நடமாட்டத்தைக் காட்டிய வரைபடச் செயலியை ஆப்பிள் அக்டோபரில் நீக்கியது. எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான்: கூட்டம் நம்பியிருக்கும் கருவியின் சாவி வேறொருவர் கையில் இருக்கிறது. அதனால் ஊர்வலத்துக்குப் போகிறவர்கள், கைபேசி பறிபோனாலும் உதவும்படி, முக்கியமான இரண்டு தொலைபேசி எண்களையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உங்கள் விரலைப் பிடித்து வைத்தே யாரும் கைபேசியைத் திறந்துவிடாதபடி, கைரேகைப் பூட்டை எடுத்துவிட்டு நீளமான கடவுச்சொல் வையுங்கள்.