கடவுச்சொல்லும் ஒரு சிறு கொப்பியும்

ஒரு காலத்தில் குரோய்டன் என்றதும் எம்மவர்க்கு முதலில் நினைவு வருவது வெலஸ்லி வீதியில் உள்ள லூனர் ஹவுஸ்தான். 80களிலும் 90களிலும் நாட்டைவிட்டு வந்த எம்மில் பலர் விடியுமுன்பே எழும்பிப் போய் அந்தக் கட்டட வாசலில் வரிசையில் நின்றவர்கள். அங்கிருந்து வந்த கடிதங்களை எவ்வளவு பக்குவமாக வைத்திருந்தோம்! பிளாஸ்டிக் உறையில் இட்டு, அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே ஒளித்து, வீடு மாறும்போது முதலில் அதைத்தான் கையில் எடுத்தோம்.

இன்று அந்தக் கடதாசி இல்லை. வதிவிட அட்டைகள் வழங்குவதை 2024 ஒக்டோபர் 31உடன் உள்துறை அமைச்சு நிறுத்திக்கொண்டது. கைவசம் இருந்த அட்டைகளில் பெரும்பாலானவை அவ்வாண்டு டிசம்பர் 31உடன் காலாவதியாயின. பிரித்தானியக் குடியுரிமை எடுக்காதவர்களின் வதிவிட உரிமை இப்போது 'ஈ-விசா' என்ற பெயரில் இணையத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கினுள் நுழைய ஆவண இலக்கத்தையும் பிறந்த திகதியையும் கொடுக்கவேண்டும். உடனே நாம் பதிந்த மின்னஞ்சலுக்கோ தொலைபேசிக்கோ ஓர் இரகசிய இலக்கம் வரும். அதை இட்டால்தான் கணக்குத் திறக்கும்.

எமக்குத் தெரிந்த ஓர் அம்மாவுக்கு இக்கணக்கை உருவாக்கிக் கொடுத்தவர் அவருடைய பெறாமகன். நல்ல பிள்ளை, உதவி செய்யத்தான் வந்தார். ஆனால் அவசரத்தில் தன்னுடைய தொலைபேசி எண்ணையே பதிந்துவிட்டார். மின்னஞ்சலும் அன்றைக்கென்று புதிதாகத் திறந்தது. பிறகு அவர் கனடா போனார், எண்ணும் மாறிவிட்டது. மின்னஞ்சலின் கடவுச்சொல் ஒருவருக்கும் நினைவில்லை. அம்மாவின் உரிமை எங்கும் போய்விடவில்லை. ஆனால் வாடகை வீடு எடுக்கச் சென்ற அன்று அதைக் காட்ட முடியாமல் கண்கலங்கி நின்றார். கணக்கை மீட்க வழி உண்டு, மீட்டும் ஆயிற்று. அதற்குப் பட்ட அலைச்சல் பழைய வரிசையையே நினைவூட்டியது.

ஆகவே வாசகர்களே, முதலில் கவனிக்கவேண்டியது மின்னஞ்சல். பெரும்பாலான கணக்குகளில் 'கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்' என்று அழுத்தினால் புதிய சொல்லை அமைக்கும் வழி மின்னஞ்சலுக்குத்தான் வரும். மற்ற எல்லா அறைகளின் திறப்புகளும் தொங்கும் அறை அதுவே. அதற்கு வேறெங்கும் பாவிக்காத தனிக் கடவுச்சொல் அவசியம். பதிந்திருக்கும் தொலைபேசி எண் உங்களுடையதுதானா என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றிற்கும் ஒரே சொல்லை வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் பலர். 2012இல் டிரொப்பொக்ஸ் நிறுவனத்தில் நடந்தது இதற்கு விடை. அதன் ஊழியர் ஒருவர் வேறோர் இடத்தில் பாவித்த அதே சொல்லை வேலைக் கணக்கிலும் வைத்திருந்தார். அந்த வேறிடத்திலிருந்து களவுபோன சொல்லைக் கொண்டே உள்ளே நுழைந்தார்கள். பாதிக்கப்பட்ட கணக்குகள் 6 கோடி 80 இலட்சத்துக்கும் அதிகம் என்று 2016இல் தெரியவந்தது. கணினித் தொழிலில் இருப்பவருக்கே இப்படியென்றால் எம் நிலை என்ன!

சரி, எப்படிப்பட்ட சொல்? பிரித்தானிய அரசின் தேசிய இணையப் பாதுகாப்பு நிலையம் சொல்வது மிக இலகுவானது. தொடர்பில்லாத மூன்று சொற்களைச் சேர்த்து எழுதுங்கள் என்கிறது. 4 இலக்க எண் என்றால் மொத்தம் 10,000 வகைதான். எல்லோருக்கும் தெரிந்த 7,000 சொற்களிலிருந்து மூன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்தால் 34,300 கோடி வகை வரும். எம்மவர் வழக்கமாக வைப்பது சுவாமி பெயர், ஊர்ப் பெயர், பிள்ளையின் பெயர், அதன்பின் பிறந்த ஆண்டு. பிறந்தநாள் படத்தை முகநூலில் போட்டபின் அதில் இரகசியம் ஏது? 'பனங்கிழங்கு குடை ரயில்' போல ஒன்றுக்கொன்று ஒட்டாதவை நல்லது. (இந்த உதாரணத்தை அப்படியே வைத்துவிடாதீர்கள்.) தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுவதானால் ஒரு சங்கடம் உண்டு. 'ழ'வை எழுதுவதில் ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று முறை. எப்படி எழுதினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள்.

குறித்து வைப்பதா என்று பேரப்பிள்ளைகள் சிரிக்கலாம். வீட்டில், கணினிக்கும் தொலைபேசிக்கும் அருகில் இல்லாத பத்திரமான இடத்தில் எழுதி வைப்பதில் தவறில்லை என்று மேற்சொன்ன நிலையமே கூறுகிறது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கணினிக்குக் கடவுச்சொல்லைக் கொண்டுவந்தவர் பெர்னாண்டோ கோர்பாட்டோ. 2014இல், முதுமையில், இது பெரும் தொல்லையாகிவிட்டது என்று அவரே சொன்னார். தம் கடவுச்சொற்களைக் கடதாசியில் எழுதித்தான் வைத்திருந்தார். நாம் எம்மாத்திரம்?

கொப்பி கைப்பையில் போகக்கூடாது. வெளியே 'பாஸ்வேர்ட்' என்று எழுதவும் வேண்டாம். வங்கி அட்டையின் இரகசிய எண்ணை அதில் எழுதாதீர்கள். கைத்தொலைபேசியிலேயே கடவுச்சொற்களைச் சேமிக்கும் வசதி உண்டு, பழகியவர்களுக்கு அதுவே சிறந்தது. ஆனால் தொலைபேசியின் பூட்டு உறுதியாக இருக்கவேண்டும், ரயிலிலும் கடையிலும் அதைத் திறக்கும்போது தோளுக்குப் பின்னால் யார் என்று பார்க்கவும் வேண்டும். நூலகக் கணினியில் எதையும் சேமிக்கவேண்டாம்.

எவ்வளவு நல்ல சொல் வைத்தாலும், தொலைபேசிக்கு வரும் 6 இலக்கத்தை நாமே வாசித்துச் சொன்னால் எல்லாம் வீண். 'வங்கியிலிருந்து பேசுகிறோம்' என்று யாராவது கேட்டால், மரியாதை பார்க்காமல் வைத்துவிட்டு 159க்கு எடுங்கள். இதில் சேர்ந்துள்ள வங்கிகளுள் உங்களுடையதும் இருந்தால் நேரே அங்கே இணைப்பார்கள். இல்லாவிட்டால் அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்கு அழைக்கலாம்.

இன்னொன்று, பேசத் தயங்குவது. வீட்டுக்காரர் திடீரென்று காலமானால் எந்தக் கம்பெனியில் மின்சாரம், எங்கே காப்புறுதி என்றுகூட மனைவிக்குத் தெரியாத வீடுகள் எம்மிடையே பல. கணக்குகளின் பெயர்களை மட்டும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அது இருக்கும் இடத்தை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். இறந்தவரின் வங்கிக் கணக்கினுள் அவருடைய கடவுச்சொல்லைக் கொண்டு நுழைவது சரியல்ல. மரணச் சான்றிதழுடன் வங்கிக்கு அறிவிப்பதே முறை. படங்களும் குரற்பதிவுகளும் வேறு விடயம். அப்பிள் தொலைபேசியில் 2021 முதல், பின்னுரிமையாளராக ஒருவரை முன்கூட்டியே பதியலாம். கூகிளிலும் அவ்வாறான ஏற்பாடு 2013 முதல் உண்டு. இரண்டும் அமைப்புகள் பக்கத்தில் இருக்கின்றன, பத்து நிமிட வேலை. மகளையோ மருமகனையோ பக்கத்தில் இருத்திச் செய்யலாம். தொலைபேசி மட்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.