அடுத்தவர் காகிதம்

கண்ணு, இண்டூரில் நீ கம்ப்யூட்டர் சென்டர் தொடங்கிய செய்தி கேட்டு மனம் நிறைந்தது. நீ தர்மபுரிக்கோ பென்னாகரத்துக்கோ போன இடத்தில் யாராவது கூப்பிட்டு, "தம்பி, நேத்து ஸ்கேன் பண்ணினது இப்பவே வேணும்" என்பார்கள். கடைக் கணினியை ரிமோட்டில் திறந்து, கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி அனுப்புவாய். அந்தச் செய்முறை ஒரு சாயங்காலத்தில் பிடிபட்டுவிடும். அதற்கு வேண்டிய குணம் வர நாளாகும் என்பதால் இதை எழுதுகிறேன்.

1. கோப்பைத் திறக்கும்போது அதற்குரிய ஆளை நினைத்துக்கொள். பட்டா, ஆதார், சாதிச் சான்றிதழ், மகளின் மதிப்பெண் பட்டியல் என்று மஞ்சப்பையில் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்து உன்னிடம் தருகிறார்கள். நம்பித் தந்ததை வேடிக்கை பார்க்காதே. கேட்ட கோப்பை மட்டும் எடு. அவசரத்தில் ஃபோல்டரை முழுதாக ஏற்றினால் பக்கத்து வீட்டுக்காரர் பத்திரமும் சேர்ந்து போய்விடும்.

2. லிங்க் விஷயத்தில் கறாராக இரு. டிரைவில் பகிரும்போது வாங்குபவரின் மின்னஞ்சலைப் போட்டு, அவருக்கு மட்டும் அனுமதி கொடு. லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்று மாற்றிவிட்டால் வேலை சுலபம்தான், ஆனால் அந்த லிங்க் யார் யார் கைக்குப் போகும் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் ஓர் அம்மாவின் கிரயப் பத்திரத்தை அப்படித்தான் அனுப்பினார்கள். மகன் அதை உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போட, சொத்துத் தகராறில் இருந்த பங்காளிகள் எல்லாரும் படித்துவிட்டார்கள். அந்த அம்மா கடைக்கு வந்து சத்தம் போடவில்லை. "உங்களை நம்பித்தானே குடுத்தேன்" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பதில் சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.

3. முக்கியமான கோப்பை செவன்-ஜிப்பில் ஏஇஎஸ்-256 முறையில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி ஏற்று. பாஸ்வேர்டைப் போனில் கூப்பிட்டுச் சொல். லிங்க் போகும் அதே செய்தியில் அதையும் எழுதுவது, பூட்டிய கதவிலேயே சாவியைத் தொங்கவிடுவதுதான்.

4. ரிமோட் வழியை உன்னைத் தவிர யாருக்கும் திறக்காதே. நீளமான பாஸ்வேர்டு வை, கூகுள் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பும் போடு. பேங்க்கிலிருந்து பேசுகிறேன், எனிடெஸ்க் என்ற ரிமோட் செயலியின் எண்ணைச் சொல்லுங்கள் என்று எவனாவது கேட்டால் போனை வைத்துவிடு. இந்த வகை மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. கடைக்கு வருகிற பெரியவர்களுக்கும் சொல்லிவை. யாராவது பணத்தைப் பறிகொடுத்து வந்தால், முதல் காரியமாக சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போட்டுக் கொடு.

5. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஏறிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போகும், நெட் அறுந்துபோகும். ஏறியதும் கோப்பின் அளவை ஒப்பிடு. இறக்கி, பூட்டைத் திறந்து, கடைசிப் பக்கம் வரை பார். அதன் பிறகே மூலத்தை அழிப்பதைப் பற்றி யோசி.

6. கிளவுடில் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கிவிடாதே. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுடை ரேன்சம்வேர் தாக்கியது. சுமார் 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை வந்த அஞ்சல்கள் போயின. அவற்றின் நகல் தனியே எங்கும் இல்லை. அரசாங்கத்துக்கே அந்தக் கதி. உன் கடைக் கணக்கையும், கட்டாயம் வைத்திருக்க வேண்டிய கோப்புகளையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றிப் பீரோவில் வை. வாரம் ஒருமுறையாவது செய்.

7. வேலை முடிந்ததும் துடைத்துவிடு. டவுன்லோட் ஃபோல்டர், ரீசைக்கிள் பின், டிரைவின் குப்பைப் பகுதி மூன்றையும் பார். டிரைவில் அழித்தது 30 நாள் அங்கேயே கிடக்கும், அதையும் காலி செய். வேறு ஒருவர் கணினியில் இறக்கியிருந்தால் கணக்கிலிருந்து வெளியே வந்த பிறகே எழுந்திரு. பிறகு காகிதத்துக்கு உரியவரைக் கூப்பிட்டு, "அனுப்பிட்டேங்க, இங்க இருந்ததை அழிச்சிட்டேன்" என்று சொல். பலருக்கு முழுதாகப் புரியாது. இருந்தாலும் சொல், தெரிந்துகொள்வது அவர்கள் உரிமை.