பத்து நாள் மௌனத்துக்குப் போகும் முன்

பௌத்தத் தியான முகாம் என்றால் பர்மா, ஜப்பான் என்று தூரதேசம் நினைவுக்கு வரும். திண்டுக்கல்காரருக்கு அது டவுன் பஸ் தூரம்தான். சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமம் பக்கம் ‘தம்ம மதுரா’ விபாசனா மையம் இருக்கிறது. வத்தலக்குண்டு வழியாக மலையேறினால் பெருமாள்மலையில், ஜேசு சபைப் பாதிரியார் அமா சாமி 1996-ல் தொடங்கிய போதி ஜென்டோ என்ற ஜென் தியான மையம். வேலை பார்த்துக் களைத்தவர்கள், தேர்வில் தோற்றவர்கள், காதல் முறிந்தவர்கள், சும்மா ஒரு மாற்றம் தேடுபவர்கள் எனப் பலரும் இப்படிப்பட்ட இடங்களுக்குக் கிளம்புகிறார்கள். பெரும்பாலோர் நல்லபடியாகவே திரும்புகிறார்கள். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை என்பதற்கான சான்றுகள் இப்போது கணிசமாகச் சேர்ந்துவிட்டன. அவற்றை வைத்துப் பார்க்கையில் எனக்குப் படுவது இது: ஆபத்து தியானத்தில் இருப்பதைவிட அதைக் கொடுக்கும் அளவிலும், ஒருவர் தடுமாறும்போது அதைக் கண்டுபிடிக்க அங்கே ஆள் இல்லாமல் போவதிலும்தான் இருக்கிறது.

அளவு என்று நான் சொல்வதை விபாசனாவின் கால அட்டவணையே விளக்கிவிடும். எஸ்.என். கோயங்கா 1969-ல் பர்மாவிலிருந்து வந்து இந்தியாவில் தொடங்கிய பத்து நாள் பயிற்சி, உலகம் முழுக்க ஒரே வார்ப்பில் நடக்கிறது. விடிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும். இரவு 9 வரை நாளெல்லாம் சேர்த்துச் சுமார் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். பதினொரு மணிச் சாப்பாட்டுக்குப் பிறகு, புதியவர்களுக்கு மாலையில் பழமும் தேநீரும் மட்டுமே. பேச்சு கிடையாது, சைகையும் கண்ஜாடையும்கூடக் கூடாது. செல்போன், புத்தகம், நோட்டு, பேனா எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட வேண்டும். முதல் மூன்று நாள் மூச்சைக் கவனிப்பது. நான்காம் நாள் முதல் உடல் முழுக்க உணர்ச்சிகளைக் கவனிப்பது. அதிலிருந்து தினமும் மூன்று முறை, ஒரு மணி நேரம் கை காலைப் பிரிக்காமல், கண் திறக்காமல் உட்காரும் ‘அதிஷ்டானம்’. வீட்டில் தினம் இருபது நிமிடம் கண்மூடி உட்கார்வதற்கும் இதற்கும் பெயரில்தான் ஒற்றுமை. தூக்கம் குறைவது சிலருக்கு மனஎழுச்சி நோயைத் தூண்டும் என்பது மனநல மருத்துவத்தில் பழைய பாடம். அதோடு தனிமையும் அரைப் பட்டினியும் இடைவிடாத உள்நோக்கும் சேர்ந்தால், எல்லா மனமும் ஒரே மாதிரி தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

சான்றுகளுக்கு வருவோம். 1979-லேயே வால்ஷ், ரோச் என்ற இரு ஆய்வாளர்கள், மனச்சிதைவு வரலாறு உள்ளவர்களுக்குத் தீவிரத் தியானத்தின்போது நோய் மீண்டும் வெடித்ததைப் பதிவு செய்தார்கள். 2017-ல் பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஜாரெட் லிண்டால், வில்லோபி பிரிட்டன் குழுவினர் மேற்கத்திய பௌத்தத் தியானிகள் 60 பேரிடம் விரிவாகப் பேட்டி கண்டார்கள். பயம், தூக்கமின்மை, ‘நான்’ என்ற உணர்வு கழன்றுபோதல், பிரமை என்று 59 வகை அனுபவங்கள் அதில் பட்டியலாயின. அவர்களில் மனநோய் வரலாறே இல்லாதவர்களும் உண்டு, தியான ஆசிரியர்களும் உண்டு. 2019-ல் வந்த இன்னொரு ஆய்வில், தொடர்ந்து தியானம் செய்யும் 1,232 பேரில் நால்வரில் ஒருவர் மிகவும் வேண்டாத அனுபவம் நேர்ந்ததாகச் சொன்னார். முகாமுக்குப் போய் வந்தவர்களிடம் அது கூடுதல். 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2020-ம் ஆண்டுக் கட்டுரை, பாதகம் நேர்ந்தவர்கள் சுமார் 8 சதவீதம் என்றது. மனநல ஆலோசனையிலும் ஏறக்குறைய இதே அளவு பாதகம் உண்டு. ஆனால் ஆலோசனை தருபவர் வாரம்தோறும் எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்.

அந்த வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது. வீட்டில் ஒரு பையன் இரண்டு நாள் பேசாமல், சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், திடீர் திடீரென்று அழுதால் அவனுடைய அம்மா மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிடுவாள். தியான மண்டபத்தில் அதே பையன் நல்ல சாதகனாகத் தெரிவான். அங்கே எல்லோரும் பேசுவதில்லை, குறைவாகத்தான் சாப்பிடுகிறார்கள்; அழுகை ‘உள்ளே கிடந்தது மேலே வருகிறது’ என்று பொருள்படும்; உடம்பே கரைந்துபோனது போலிருக்கிறது என்றால் முன்னேற்றம் என்று கொள்ளப்படும். நோயின் முதல் அறிகுறிகளும் பயிற்சியின் அடையாளங்களும் ஒரே உடுப்பில் வருகின்றன. போதனையின் பெரும்பகுதி ஒலி, ஒளிப்பதிவாக நடக்க, துணை ஆசிரியரிடம் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடத்தில் இரண்டையும் பிரித்தறிய மனநலப் பயிற்சி வேண்டும், பக்தி போதாது.

‘ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்குத்தானே இது, விண்ணப்பத்தில்தான் கேட்கிறார்களே’ என்பார்கள். கேட்பது உண்மை, கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு இந்தப் பயிற்சியைப் பரிந்துரைப்பதில்லை என்றும் விபாசனா அமைப்பே சொல்கிறது. ஆனால் மனச்சிதைவும் இருமுனை நோயும் பெரும்பாலும் பதினெட்டுக்கும் முப்பதுக்கும் இடையில் முதல்முறையாகத் தலைகாட்டுபவை. இன்னும் வராத நோயை எந்தப் படிவத்தில் எழுதுவது? நம் ஊரில், வந்த நோயையே கல்யாணம் தடைபடும் என்று மறைக்கிறோம். போதாக்குறைக்கு, மாத்திரையை நிறுத்திவிட்டுத் தியானத்தால் குணமாகலாம் என்ற ஆசை வேறு.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: துன்பத்தைக் கடப்பதுதானே பாதை, பயந்து எழுந்து ஓடினால் எப்படி என்பது. பௌத்த மரபே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. வைசாலியில் உடலின் அருவருப்பைத் தியானிக்கும்படி பிக்குகளிடம் சொல்லிவிட்டுப் புத்தர் அரை மாதம் தனிமைக்குப் போகிறார். திரும்பி வரும்போது சங்கம் மெலிந்திருக்கிறது. தம் உடலை வெறுத்துப் பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்று ஆனந்தர் சொல்கிறார். அதன் பிறகே புத்தர் மூச்சுத் தியானத்தைக் கற்பிக்கிறார் என்கிறது பாலி நூல். ஆசிரியர் இல்லாத பதினைந்து நாளில் நேர்ந்தது அது. ஐந்தாம் நூற்றாண்டில் ‘விசுத்திமக்கம்’ எழுதிய புத்தகோசர், ஆளின் சுபாவத்தை ஆறாகப் பிரித்து, இன்னாருக்கு இன்ன தியானம் என்று ஆசிரியர் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டு ஜப்பானில் ஹகுயின் என்ற ஜென் துறவி, தியானத்தால் தமக்கு வந்த நோயையும் அது தீர்ந்த விதத்தையும் தனி நூலாகவே எழுதிவைத்தார். ‘எல்லோருக்கும் ஒரே பத்து நாள்’ என்ற ஏற்பாடு பழைய மரபல்ல. நம் காலத்து வசதி.

ஆகவே போகிறவர் சில காரியங்களைச் செய்துவிட்டுப் போகலாம். முதல் அனுபவமே பத்து நாளாக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் சில மாதம் உட்கார்ந்து, ஒருநாள் முகாம் கிடைத்தால் அதற்குப் போய்ப் பார்க்கலாம். மனநல மாத்திரை எடுப்பவர் மருத்துவரிடம் கேட்காமல் போகக் கூடாது, எடுத்துப் போகும் மாத்திரையை அங்கே நிறுத்தவும் கூடாது. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவோ இருமுனை நோயோ இருந்திருந்தால் அதையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். இரண்டு இரவு தூக்கமில்லாமலும் களைப்பே தெரியவில்லை, குரல் கேட்கிறது, உலகைக் காக்கும் பொறுப்பு தன்மேல் விழுந்துவிட்டது என்று தோன்றினால் உட்கார்வதை நிறுத்திவிட்டு நிர்வாகியிடம் சொல்லி, வீட்டுக்குப் போன் போடச் சொல்ல வேண்டும். கடைசி நாள் வரை இருப்பதாகக் கையெழுத்திட்டது இதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது. அந்த நிலையில் ஒருவரைத் தனியாகப் பஸ் ஏற்றி அனுப்புவதும் தவறு. ஆள் வந்து கூட்டிப்போக வேண்டும்.

வீட்டாருக்கும் வேலை இருக்கிறது. திரும்பி வந்தவர் முதல் இரண்டு வாரம் எப்படித் தூங்குகிறார் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். தடுமாற்றம் கண்டால் ‘ஞானம் வந்துவிட்டது’ என்று கும்பிடுவதும் வேண்டாம், குணசீலம் கோயிலுக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ வண்டி பிடிப்பதில் நாளைக் கடத்துவதும் வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பக்கத்திலேயே இருக்கிறது. மருத்துவரிடம் முகாமில் நடந்ததை ஒளிக்காமல், எத்தனை நாள், எத்தனை மணி நேரம், எந்த நாளில் தூக்கம் போனது என்று வரிசையாகச் சொன்னால், வைத்தியத்தைத் தொடங்க அவருக்குச் சுலபமாக இருக்கும்.