இரவில் கேட்கும் ‘உம்’ என்ற ஒலி

இரவு மணி இரண்டு. உங்கள் தாயார் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, “எங்கேயோ மோட்டார் ஓடுற மாதிரி சத்தம் கேட்குது,” என்கிறார். உங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. “எல்லாம் மனப்பிரமை, தூங்குங்கம்மா,” என்று சொல்லிவிடாதீர்கள். அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம்.

தாழ் அதிர்வெண் ஒலி என்றால் என்ன?

ஒலி ஒரு விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்னும் அளவால் குறிப்பிடுகிறோம். மனிதர்களுக்கு ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளவை தாழ் அதிர்வெண் ஒலிகள். நீரேற்றும் பம்ப், மின்தூக்கி இயந்திரம், குளிர்சாதனத்தின் வெளிப்புறக் கருவி ஆகியவற்றிலிருந்து இவை வரலாம்.

ஒருவருக்குக் கேட்பது மற்றவருக்கு ஏன் கேட்பதில்லை?

50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ 7 மீட்டர் நீளம் கொண்டது. இத்தகைய ஒலி சுவரை எளிதில் கடந்து வரும். அறைக்குள் பட்டுத் திரும்பும்போது ஓரிடத்தில் வலுக்கும். வேறோர் இடத்தில் மங்கும். கட்டிலின் தலைமாட்டில் கேட்பது அறை வாசலில் கேட்காமல் போகலாம். செவித்திறனும் ஆளுக்கு ஆள் வேறுபடும். சன்னலை மூடினால் மற்ற சத்தங்கள் குறைந்து, இது இன்னும் தெளிவாகக் கேட்கக்கூடும்.

மனத்தை எப்படிப் பாதிக்கிறது?

தைப்பூசத்தில் உறுமி முழங்கும்போது நெஞ்சு அதிர்கிறது, உற்சாகமும் பிறக்கிறது. அதை நாம் விரும்பிக் கேட்கிறோம். எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கும் என்று தெரியாத ஒலி அப்படியல்ல. எரிச்சல், தலையில் அழுத்தம், கவனக்குறைவு, தூக்கமின்மை ஆகியவை ஏற்படலாம். உற்றுக் கேட்கக் கேட்க அது பெரிதாகத் தோன்றும். வீட்டார் நம்பாவிட்டால் வேதனை கூடும். உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டியும் தாழ் அதிர்வெண் ஒலிக்குத் தனிக் கவனம் தேவை என்கிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

• அவர் படுக்கும் இடத்திலேயே சில நிமிடங்கள் படுத்துக் கேளுங்கள்.
• குளிர்சாதனம், மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சற்று நேரம் நிறுத்திப் பாருங்கள்.
• ஒலி கேட்கும் நாள், நேரம், இடம் ஆகியவற்றை ஒரு வாரம் குறித்துவையுங்கள்.
• கட்டிலை இடம் மாற்றிப் பாருங்கள். காதடைப்பான் இவ்வகை ஒலியை அவ்வளவாகத் தடுக்காது. மின்விசிறியின் மெல்லிய சத்தம் சிலருக்கு உதவும்.
• கட்டடத்தின் இயந்திரம் காரணம் என்று தோன்றினால், குறிப்புகளுடன் நகர மன்றத்தை அணுகுங்கள். அண்டைவீட்டுக் கருவி என்றால், முதலில் அவரிடம் தன்மையாகப் பேசுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

வேறு வீட்டுக்கோ பூங்காவுக்கோ சென்றாலும் அதே ஒலி தொடர்கிறதா? அது காதிரைச்சலாக இருக்கலாம். ஒரு காதில் மட்டும் கேட்டாலும், நாடித்துடிப்புடன் சேர்ந்து ஒலித்தாலும், தலைசுற்றல் இருந்தாலும், தூக்கமின்மை நீடித்தாலும் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள். திடீரெனக் காது கேட்காமல் போனால், அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

முதலில் அவர் சொல்வதை நம்புங்கள். பிறகு இருவரும் சேர்ந்து காரணத்தைத் தேடுங்கள்.