01012 ஓர் எண் அல்ல

சிங்கப்பூரில் ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்துக்கும் ஐந்து இலக்கக் குறியீடு உண்டு. விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள ஒரு நிறுத்தத்தின் குறியீடு 01012. கணினியிடம் "இது ஓர் எண்" என்று சொன்னால், முன்னால் உள்ள சுழியத்தை அது விட்டுவிடும். மிஞ்சுவது 1012. நான்கு இலக்கத்தில் நிறுத்தமே கிடையாது என்பதால் "அப்படி ஒரு நிறுத்தம் இல்லை" என்று கைப்பேசிச் செயலி கைவிரிக்கும். பயணியோ அந்த நிறுத்தத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்.

மலேசியாவிலும் இதே கதைதான். கங்காரின் அஞ்சல் குறியீடு 01000. 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் மைகார்டு எண் சுழியத்தில்தான் தொடங்கும். இந்த எண்களை யாரும் கூட்டுவதில்லை, பெருக்குவதில்லை. இவை இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர்கள்.

எந்தத் தகவல் எந்த வகையைச் சேர்ந்தது, எது கட்டாயம் வரும், எது வராமல் போகலாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணத்துக்கு ஸ்கீமா என்று பெயர். தரவைத் தரும் சர்வரும் அதைக் கேட்கும் செயலியும் அந்த ஆவணத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கின்றன.

இதற்காகவே பிறந்த ஒரு முறை கிராஃப்கியூஎல். 2012இல் ஃபேஸ்புக் நிறுவனம் தன் கைப்பேசிச் செயலிக்காக இதை உருவாக்கியது. லீ பைரன், நிக் ஷ்ராக், டேன் ஷேஃபர் ஆகிய மூவர் இதன் தொடக்கப் பணியைச் செய்தவர்கள். 2015இல் இது பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டது. பழைய முறையில் என்ன அனுப்புவது என்பதைச் சர்வர் முடிவு செய்யும். பத்துத் தகவல் வந்து விழும், நமக்குத் தேவை இரண்டாக இருக்கும். கிராஃப்கியூஎல்லில் கேட்பவர் தமக்கு வேண்டியதை மட்டும் பெயர் சொல்லிக் கேட்கலாம். கைக்கடிகாரச் செயலி பேருந்து வரும் நேரத்தை மட்டும் கேட்கும். நிறுத்தத்தில் உள்ள பெரிய திரை எல்லாவற்றையும் கேட்கும். சர்வர் ஒன்றுதான்.

சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையம் டேட்டாமால் என்ற தளத்தின் வழியாகப் பேருந்து வருகைத் தரவை எல்லாருக்கும் தருகிறது. அது பழைய முறையில் வருவது. அதன்மேல் நாமே ஒரு கிராஃப்கியூஎல் அடுக்கைக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஸ்கீமா இப்படி அமையலாம்:

வகை வினவல்
   நிறுத்தம்(குறியீடு: அடையாளம்!): நிறுத்தம்

வகை நிறுத்தம்
   குறியீடு: அடையாளம்!
   பெயர்: சரம்!
   சேவைகள்: [சேவை!]!

வகை சேவை
   எண்: சரம்!
   அடுத்தது: வருகை

வகை வருகை
   நேரம்: தேதிநேரம்!
   முறை: கணிப்புமுறை!
   நெரிசல்: நெரிசல்நிலை

உண்மையான ஸ்கீமாவில் இந்தப் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் எழுத முடியும். கிராஃப்கியூஎல் விதி அப்படி. விளக்கக் குறிப்புகளைத் தமிழிலும் எழுதலாம்.

முதல் வரி, செயலி எதைக் கேட்கலாம் என்று சொல்கிறது: குறியீட்டைக் கொடு, நிறுத்தத்தைத் தருகிறேன். சதுர அடைப்புக்குறி என்றால் பட்டியல். 'சரம்' என்பது எழுத்துகளின் கோவை. பேருந்துச் சேவையின் எண்ணை ஏன் சரமாக வைத்தோம்? 410டபிள்யூ, 410ஜி என்று எழுத்து சேர்ந்த சேவைகள் ஓடுகின்றனவே! 'அடையாளம்' என்பது கிராஃப்கியூஎல்லில் ஏற்கெனவே உள்ள வகை. சர்வர் அதை எழுத்தாகவே அனுப்பும், 01012இன் சுழியம் பத்திரமாக இருக்கும். முழு எண் வகையோ 2,147,483,647 வரைதான் தாங்கும். 12 இலக்க மைகார்டு எண் அதற்குள் அடங்காது.

தேதிக்கும் நேரத்துக்கும் கிராஃப்கியூஎல்லில் தயாராக வகை இல்லை. நாமே வரையறுக்க வேண்டும். "3 நிமிடம்" என்று அனுப்பாமல் "14:46:27, +08:00" என்று நேர வட்டாரத்தோடு முழு நேரத்தையும் அனுப்புவதே நல்லது. நிமிடக் கணக்கு, திரைக்கு வந்து சேர்வதற்குள் பழையதாகிவிடும்.

'முறை' என்ற புலம் சிறியது, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த நேரம் பேருந்து இப்போது இருக்கும் இடத்தை வைத்துக் கணிக்கப்பட்டதா, கால அட்டவணையைப் பார்த்துச் சொல்லப்பட்டதா என்பதை அது தெரிவிக்கிறது. டேட்டாமாலும் இதைத் தனியாகவே தருகிறது. மழையில் நிற்கும் முதியவர் ஒருவருக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல.

இனி அந்த ஆச்சரியக்குறிக்கு வருவோம். அதற்குப் பொருள், "இந்த இடம் ஒருபோதும் வெற்றாக இருக்காது". குறி இல்லாவிட்டால், "இருக்கலாம், இல்லாமலும் போகலாம்". எதுவும் போடாவிட்டால் வெற்றாக வரலாம் என்பதே கிராஃப்கியூஎல்லின் வழக்கம். புதிதாகப் படிப்பவர்களுக்கு இது பிடிப்பதில்லை. எல்லா வரிகளிலும் குறியைப் போட்டுவிடத் துடிப்பார்கள். அதன் விளைவைப் பாருங்கள்.

'நெரிசல்' புலத்தில் மூன்றில் ஒன்று வரும்: உட்கார இடம் உண்டு, நிற்க இடம் உண்டு, நிற்கவும் இடம் குறைவு. ஒரு பேருந்தின் நெரிசல் விவரம் கிடைக்கவில்லை என்று கொள்வோம். நம் ஸ்கீமாவில் அந்த ஒரு கட்டம் மட்டும் வெற்றாக வரும், நேரம் தெரியும். அங்கே ஆச்சரியக்குறி போட்டிருந்தால்? வாக்கு தவறிவிட்டது என்பதால் சர்வர் அந்த 'வருகை' முழுவதையும் வெற்றாக்கிவிடும். தெரிந்திருந்த நேரமும் அதோடு போய்விடும். 'அடுத்தது' புலத்திலும் குறி இருந்தால் சேவையே வெற்றாகும். பட்டியலுக்குள் வெற்று இருக்கக் கூடாது என்று நாம் எழுதியிருப்பதால் பட்டியல் போகும். பட்டியலும் வெற்றாகக் கூடாது என்றிருப்பதால் நிறுத்தமே போகும். ஒரு பேருந்தின் நெரிசல் தெரியாததால், அங்கு நிற்கும் பத்துச் சேவைகளும் திரையிலிருந்து மறைந்துவிடும். கூடவே ஒரு பிழைச் செய்தி வரும். அதைப் பயணி பார்க்கப்போவதில்லை.

அதனால்தான் நிறுத்தத்தின் பெயர், குறியீடு போன்ற நம் கையிலேயே உள்ள தகவல்களுக்குக் குறி போட்டோம். வண்டியிலிருந்தோ வேறொரு கணினியிலிருந்தோ வர வேண்டிய 'அடுத்தது', 'நெரிசல்' ஆகிய புலங்களுக்குப் போடவில்லை. வெற்றைத் தவிர்க்க 0 போட்டு நிரப்புவது இன்னும் மோசம். இருக்குமிடம் தெரியாத பேருந்துக்கு அட்சரேகை 0, தீர்க்கரேகை 0 என்று எழுதினால், வரைபடம் அதை ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் மிதக்கவிடும்.

பின்னர் மனம் மாறினால் என்ன செய்வது? பதிலில் வரும் புலத்துக்குப் புதிதாகக் குறி சேர்ப்பதால் பழைய செயலிக்குக் கெடுதல் இல்லை. அது வெற்றையும் எதிர்பார்த்தே எழுதப்பட்டது. இருந்த குறியை எடுத்தால்தான் ஆபத்து. கேள்வியோடு அனுப்பும் விவரங்களுக்கு இது தலைகீழ். அங்கே புதிதாக ஒன்றைக் கட்டாயமாக்கினால், அதை அனுப்பத் தெரியாத பழைய செயலிகள் எல்லாம் நின்றுவிடும். செயலியைப் புதுப்பிக்காமலே வைத்திருப்பவர்கள் எந்த வீட்டிலும் உண்டு. ஆகவே வேண்டாத புலத்தை உடனே நீக்காமல், "இது கைவிடப்பட்டது, அதற்குப் பதில் இதைப் பயன்படுத்துக" என்று ஸ்கீமாவிலேயே குறித்து வைக்க வழி செய்திருக்கிறார்கள்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி: உங்கள் பள்ளி நூலகத்துக்கு 'நூல்' என்ற வகையை எழுதிப் பாருங்கள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பித்த ஆண்டு, ஐஎஸ்பிஎன், இரவல் வாங்கியவர் ஆகிய ஐந்து புலங்கள் போதும். எவற்றுக்கு ஆச்சரியக்குறி போடுவீர்கள்? பழைய நூல்களின் 10 இலக்க ஐஎஸ்பிஎன்னில் கடைசி இடத்தில் எக்ஸ் என்ற எழுத்து வரலாம் என்பதையும், ஆசிரியர் பெயர் தெரியாத நூல்கள் தமிழில் ஏராளம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.