வேட்டை நாய்களை அறிதலும் பழக்குதலும்

தமிழ்நாட்டில் வேட்டைக்கென்று தலைமுறை தலைமுறையாய் வளர்க்கப்பட்டு வந்த நாய் ஜாதிகளுள் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நான்கும் பெயர் பெற்றவை. முதலிரண்டும் விருதுநகர் ஜில்லாவிலுள்ள ஊர்களின் பெயரையும், கோம்பை தேனி ஜில்லாவில் மலையடிவாரத்திலுள்ள ஊரின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. 2005-ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா இராஜபாளையம் நாயின் உருவத்துடன் தபால் தலை வெளியிட்டது. 2020-ஆம் ஆண்டில், கர்னாலிலுள்ள தேசிய கால்நடை மரபுவள நிலையம் இராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி ஜாதிகளாகப் பதிவு செய்தது. இதன் பயனாக இந்நாய்களின் மதிப்பு உயர்ந்து, பிறந்த சீமையை விட்டு வெளியே, காவிரிக் கரை வரையிலும் குட்டிகளை விலைக்கு வாங்குவோர் உண்டு. வாங்கியபின் சங்கிலியில் கட்டிவைத்து, நாய் மூர்க்கமாகிவிட்டதென்று குறை கூறுவோரும் உண்டு. பெரும்பாலும் குறை நாயினுடையதன்று.

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் வேட்டையாடும் நாய்கள். நீண்ட கால்கள், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, குறுகிய முகம் ஆகிய அங்க அமைப்பு யாவும் வேகத்திற்காகவே ஏற்பட்டவை. மரமடர்த்தியில்லாத கரிசல் வெளியில் தூரத்தே ஓடும் முயலைக் கண்ட மாத்திரத்தில் பாய்வதே இவற்றின் தொழிலாயிருந்தது. கன்னி பொதுவாகக் கருநிற உடலும், புருவத்தின் மேலும் கால்களிலும் பழுப்புப் புள்ளிகளும் உடையது. கோம்பை இவற்றினும் கட்டை குட்டையானது. செம்பழுப்பு நிறமும் கரிய மூஞ்சியும் உடையது. காட்டுப்பன்றியை எதிர்த்து நிற்கும் துணிவு வாய்ந்தது. இராஜபாளையம் வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. இரண்டடிக்கு மேற்பட்ட உயரம் கொண்டது. வீட்டுக் காவலுக்கு உகந்தது.

இவ்வேறுபாட்டை அறியாமல் குட்டி வாங்குவது வீண் செலவு. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவில், திருவானைக்காவல், ஸ்ரீரங்கம் பக்கங்களிலுள்ள வாழைத் தோட்டங்களை உதாரணமாகக் கொள்க. அங்கே பத்தடிக்கு அப்பால் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. வரப்பும் வாய்க்காலும் ஓட்டத்தைத் தடுக்கும். அத்தகைய இடத்தில் சிப்பிப்பாறையின் கண்ணும் காலும் இரண்டும் பயனற்றுப் போகின்றன. படுகைத் தோட்டத்திற்குக் கோம்பையோ, நன்கு பழக்கிய நாட்டு நாயோ மேல். மானாவாரி மேட்டு நிலமும் திறந்த வெளியும் உடையவர் சிப்பிப்பாறையை வைத்துக்கொள்ளலாம்.

கிராம அதிகாரிகளும் நிலச்சுவான்தார்களும் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது யாதெனில், இந்நாய்களைக் கொண்டு வேட்டையாடுதல் இப்போது குற்றமாகும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், கொல்லுதல் மட்டுமின்றி, துரத்துதல், கண்ணி வைத்தல், இரை காட்டிப் பிடித்தல், இவற்றிற்கு முயலுதல் ஆகியவையும் வேட்டையென்றே கொள்ளப்படுகின்றன. முயலும் காட்டுப்பன்றியும் இப்பாதுகாப்பில் அடங்கியவை. ஆகையால் நாயின் வேலை எல்லைக்குள் நின்று குரைத்து எச்சரிப்பதே. எல்லை கடந்து ஓடுவதன்று. மேலும், பன்றிக்கென்று சிலர் களவாக வைக்கும் அவுட்டுக்காயைக் கடித்துத் தாடை சிதறியும், மின்வேலியில் பட்டும் மாள்வது எல்லை கடந்து திரியும் நாயே.

குட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது தாயைப் பார்ப்பது அவசியம். வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு காணப்படும். உட்காதில் இருக்க வேண்டிய நிறமிச் செல்கள் இல்லாமற் போவதால், பிறந்த சில வாரங்களுக்குள் கேள்விக்குரிய பாகம் சிதைந்து போவதே இதற்குக் காரணம். ஆறு வாரமான குட்டியை மற்றவற்றினின்று பிரித்து, அதன் பார்வைக்குப் படாமல் பின்புறமாக நின்று கை தட்டிப் பார்க்க வேண்டும். பலமுறை தட்டியும் காது அசையாத குட்டியை வைத்தியரிடம் காட்டுதல் நலம். ஒரு காது மட்டும் செவிடான குட்டி இச்சோதனையில் தப்பிவிடக்கூடும். செவிட்டு நாயை இனவிருத்திக்கு விடலாகாது.

பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே குட்டியின் குணம் உருவாகும் காலம். அக்காலத்தில் அது கண்டு பழகியவற்றிற்குப் பிற்காலத்தில் அஞ்சாது, சீறவும் மாட்டாது. குழந்தைகள், முதியோர், ஆடு மாடு, கோழி, மோட்டார் பம்பின் ஓசை, டிராக்டர் யாவற்றையும் அப்போதே காட்டிவிட வேண்டும். காவல் நாய் பிறர் முகம் பார்க்கலாகாதென்று இருட்டறையில் அடைப்பது தவறான வழக்கம். அவ்வாறு வளர்ந்த நாய் அச்சத்தால் கடிக்கும். கள்வனையும் உறவினனையும் பிரித்தறியாது.

கண்ணால் வேட்டையாடும் நாய் ஓடத் தொடங்கிவிட்டால் எஜமானன் குரலுக்குச் செவி கொடாது. எனவே ஓடும் வேட்கை முற்றுவதற்கு முன், மூன்றாம் மாதத்திலேயே, ‘வா’ என்னும் சொல்லைப் பழக்குதல் வேண்டும். முப்பதடிக் கயிற்றை, கழுத்தில் அன்று, மார்பைச் சுற்றிய அகன்ற வாரில் கட்டுக. வேகமாய்ப் பாயும் நாய் கயிறு முடியும் இடத்தில் சுண்டப்படும்போது கழுத்தெலும்புக்குத் தீங்கு நேரிடக்கூடும். பெயரைச் சொல்லி ஒருமுறை மட்டும் அழைத்து, வந்தவுடன் சிறிது கருவாடோ ஈரலோ கொடுக்க வேண்டும். வராவிடில் மெதுவாகக் கயிற்றை இழுத்து வரச்செய்து, அப்போதும் கொடுக்க வேண்டும். அழைத்து அடிப்பதைப் போன்ற கேடு வேறில்லை. ஒருமுறை அடிபட்ட நாய் மறுமுறை அழைத்தால் ஓடிவிடும்.

ஆட்டு மந்தையருகே கயிற்றோடு நடத்திச் சென்று, ஆட்டை உற்றுப் பார்த்துக் காதை விறைக்கும் கணத்திலேயே ‘நில்’ என்று நிறுத்துக. பாய்ந்த பின் கண்டிப்பதில் பிரயோஜனமில்லை. ஒரு தடவை ஆட்டைக் கொன்று ருசி கண்ட நாயைத் திருத்துவது மிகக் கடினம். நஷ்டஈடும், அதனால் விளையும் ஊர்ச் சச்சரவும் பஞ்சாயத்துக்காரர் அறிந்தவையே. பயிற்சி ஒரு வேளைக்குப் பத்து நிமிஷம் போதும். கோடையில் விடியற்காலையிலேயே முடித்துவிட வேண்டும். எலும்பு முற்றும் வரை, அதாவது ஒரு வயது வரையில், மோட்டார் சைக்கிளின் பின்னே ஓட்டுதல் முதலிய கடும் வேலை கூடாது.

கம்பு, கேழ்வரகுக் கூழுடன் மோர் மட்டும் ஊற்றி வளர்த்தால் வளரும் குட்டிக்குப் புரதம் போதாது. முட்டை, மீன் அல்லது இறைச்சி சேர்க்க வேண்டும. ஆழ்ந்த மார்புடைய இந்நாய்களுக்கு உண்டவுடன் ஓடுதல் ஆகாது. வயிறு உப்பி முறுக்கிக்கொண்டு சில மணி நேரத்தில் உயிர் போகக்கூடும். குடற்புழு மருந்தை இரண்டாம் வாரத்திலேயே தொடங்குக. மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், பின்னர் ஆண்டுதோறும் அதுவும் தவறலாகாது. நாய் கடித்தால், அது தன் வீட்டு நாயேயாயினும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்புதல் கூடாது.

இந்நாய்களின் உடலில் கொழுப்பு மிகக் குறைவாதலால் சில மயக்க மருந்துகள் இவற்றிற்கு நெடுநேரம் தெளியாமல் ஆபத்தை உண்டாக்கும். தையல் போடவோ வேறு சஸ்திர சிகிச்சைக்கோ கொண்டு செல்பவர், இது சிப்பிப்பாறை அல்லது கன்னி ஜாதி என்பதைக் கால்நடை வைத்தியரிடம் முன்னதாகவே தெரிவித்துவிடுதல் வேண்டும்.