எலெக்டிவ் படிவத்தை நிரப்பும் முன்

அன்புள்ள தங்கைக்கு,

வேதிப் பொறியியலில் இரண்டு ஆண்டுகளை முடித்துவிட்டாய். அடுத்த செமஸ்டருக்கான எலெக்டிவ் படிவம் விரைவில் உன் கைக்கு வரும். பெட்ரோலியச் சுத்திகரிப்பு, பாலிமர், உயிர்வேதிப் பொறியியல், சுற்றுச்சூழல், மின்வேதியியல், பிராசஸ் கன்ட்ரோல், மாடலிங் என்று நீளும் பட்டியலில் சிலவற்றைக் குறித்துக் கொடுக்க வேண்டும். வளைகுடாச் சம்பளத்தை நினைத்து வீட்டில் பெட்ரோலியம் என்பார்கள். இனி எல்லாம் பேட்டரிதான் என்று சீனியர்கள் சொல்வார்கள். இரண்டு தரப்பும் உன் நன்மைக்காகத்தான் பேசுகிறார்கள். ஆனால் இரண்டு தரப்பும் ஒரு தொழிலின் பெயரைச் சொல்கிறார்கள். நான் கேட்டுக்கொள்வது, தொழிலின் பெயரை ஒதுக்கிவிட்டு, எந்த வகைச் சிக்கலில் ஆழமாக இறங்க உனக்கு மனம் வருகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடு என்பதுதான். வெப்பத்தைக் கொடுப்பதும் எடுப்பதுமா, கலந்திருப்பதைப் பிரிப்பதா, வினையின் வேகமா, ஓடுகிற ஆலையைத் தடம் புரளாமல் வைத்திருப்பதா? இந்த நான்கில் ஒன்றில் உனக்குப் பிடி கிடைத்துவிட்டால், எந்த ஆலைக்குள் போனாலும் உனக்கு அங்கே வேலை இருக்கும்.

நம் துறை தனித்துறையாக நின்றதே இந்தப் பார்வையால்தான். 19-ஆம் நூற்றாண்டில் சோடா ஆலைக்காரருக்குச் சோடா தெரியும், சாய ஆலைக்காரருக்குச் சாயம் தெரியும். ஒருவர் கற்றது இன்னொருவருக்குப் போய்ச் சேராது. 1887-இல் மான்செஸ்டரில் ஜார்ஜ் டேவிஸ் நிகழ்த்திய விரிவுரைகள், இந்த ஆலைகள் அனைத்துக்கும் பொதுவான வேலைகள் என்னென்ன என்று பேசின. 1915-இல் ஆர்தர் டி. லிட்டில் அவற்றுக்கு 'யூனிட் ஆபரேஷன்' என்று பெயரிட்டார். வடித்தல், ஆவியாக்கல், உலர்த்தல், வடிகட்டல் என்று நீ படிக்கும் பாடங்கள் அந்த வழியில் வந்தவை.

ஒரு முறை எத்தனை தொழில்களைத் தாண்டி வாழும் என்பதற்கு ஆவியாக்கியைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் லூசியானாவில் கரும்புச் சாற்றைத் திறந்த கொப்பரைகளில் காய்ச்சினார்கள். கொதிக்கும் சாற்றை ஒரு கொப்பரையிலிருந்து அடுத்ததற்கு அகப்பையால் மொண்டு ஊற்றியவர்கள் அடிமைகள். நியூ ஆர்லியன்ஸில் பிறந்து பாரிஸில் படித்த நார்பர்ட் ரில்லியூ, ஒரு கலனில் எழும் நீராவியைக் கொண்டே அதைவிடக் குறைந்த அழுத்தத்தில் இருக்கும் அடுத்த கலனைக் கொதிக்க வைக்கலாம் என்று கண்டு 1843-இல் காப்புரிமை பெற்றார். ஒரே வெப்பம் பல முறை வேலை செய்தது. இப்போது திருப்பூருக்கு வா. சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்த வழக்கில், கழிவு ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற விதியை நிறைவேற்றாத சாய ஆலைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த விதியை நிறைவேற்ற முதலில் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில், அதாவது ஆர்.ஓ.வில், தண்ணீரைப் பிரிக்கிறார்கள். உப்பு செறியச் செறிய அதை எதிர்த்துத் தள்ள வேண்டிய அழுத்தமும் ஏறுவதால் ஓரிடத்துக்கு மேல் சவ்வு நடைமுறைக்கு ஒத்துவராது. மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்க வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதை ஒருமுறை மட்டும் பயன்படுத்தி விட்டுவிட்டால் எரிபொருள் செலவே ஆலையைத் தின்றுவிடும். ஆகவே அங்கே நிற்பது ரில்லியூவின் அடுக்கு ஆவியாக்கிதான். சர்க்கரைக்குப் பிறந்த கருவி சாய உப்புக்கு உழைக்கிறது. திருப்பூரில் அந்த வேலையைச் செய்பவரைச் சுற்றுச்சூழல் நிபுணர் என்று அழைப்பார்கள். அவர் நாள் முழுதும் மல்லுக்கட்டுவது வெப்பத்தோடும் உப்பின் கரைதிறனோடும்தான்.

இன்னொரு சான்று ஒரு பெண்ணின் பணி வாழ்க்கை. மார்கரெட் ஹட்சின்சன் ரூசோ 1937-இல் எம்.ஐ.டி.யில் வேதிப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவர். விமான எரிபொருளுக்கான வடித்தல் கோபுரங்களும் செயற்கை ரப்பரும் அவர் கைவைத்த துறைகள். அதே கைதான் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வணிக அளவிலான முதல் பெனிசிலின் ஆலையை வடிவமைத்தது. பூஞ்சை பற்றிய பாடத்தில் தொடங்கிய பயணமல்ல அது. அதுவரை பெனிசிலின் பூஞ்சையைப் புட்டிகளில், திரவத்தின் மேற்பரப்பில் வளர்த்தார்கள். ஆழமான பெரிய தொட்டியில் வளர்க்க வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் பூஞ்சைக்கும் மூச்சுக் காற்று வேண்டும். காற்றோடு தொடர்பிலிருக்கும் தண்ணீர் சாதாரண வெப்பநிலையில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும்; பூஞ்சை அதைச் சீக்கிரமே தீர்த்துவிடும். குமிழியிலிருந்து நீருக்குள் ஆக்சிஜன் எத்தனை வேகமாகப் போகிறது என்பதே விளைச்சலைத் தீர்மானித்தது. இது உன் மாஸ் டிரான்ஸ்ஃபர் பாடத்தின் கணக்கு. காற்றை எப்படிச் செலுத்துவது, கலக்கியை எத்தனை வேகத்தில் சுழற்றுவது என்று விடை கண்டபின் பெரிய தொட்டிகள் சாத்தியமாயின. 1944 மார்ச்சில் ஃபைசர் நிறுவனம் புரூக்ளினில் ஒரு பழைய ஐஸ் ஆலையை மாற்றி அத்தகைய தொட்டிகளோடு உற்பத்தியைத் தொடங்கியது.

தொழிலைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் காலக் கணக்கும் இடிக்கிறது. 2012-இல் கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்றது. அதைப் பார்த்துப் பெட்ரோலியத்தில் சேர்ந்தவர் நான்காண்டு முடித்து வெளியே வந்தது 2016-இல்; அந்த ஆண்டு ஜனவரியில் விலை 30 டாலருக்குக் கீழே இறங்கியது. அவர் செய்த தவறு ஒன்றுமில்லை. சந்தை ஏறி இறங்கும் வேகம் வேறு, பட்டப் படிப்பின் வேகம் வேறு. இன்று பேட்டரியைச் சொல்பவர்களிடமும் இதையே சொல்வேன். லித்தியம் அயனி மின்கல ஆலைக்குள் போய்ப் பார்த்தால் அங்கே நடக்கும் வேலைகளில் முக்கியமானவை குழம்பைக் கலக்குவது, உலோகத் தகட்டில் சீராகப் பூசுவது, உலர்த்துவது, ஆவியான கரைப்பானை மீட்பது. உலர்த்தலை ஆழமாகக் கற்றவருக்கு அங்கே இடம் உண்டு. பேட்டரி மந்தமானால் அவருக்கு மருந்து ஆலையிலும் பால்பொடி ஆலையிலும் இடம் உண்டு.

இதற்கு நீ சொல்லக்கூடிய முதல் மறுப்பு எனக்குத் தெரியும். கோர் கம்பெனிக்காரர்கள் நேர்காணலில் சுத்திகரிப்பு ஆலை பற்றித்தானே கேட்பார்கள்? கேட்பார்கள். ஆனால் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் பலவும் பொறியாளர்களை எடுக்கப் பயன்படுத்திவந்த கேட் தேர்வின் பாடத்திட்டத்தை எடுத்து மேசையில் வை. பிராசஸ் கால்குலேஷன், வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், வெப்பப் பரிமாற்றம், மாஸ் டிரான்ஸ்ஃபர், வினைப் பொறியியல், கருவியியலும் கட்டுப்பாடும், ஆலை வடிவமைப்பும் பொருளியலும் என்று போய், கெமிக்கல் டெக்னாலஜி என்ற ஒரே பிரிவில்தான் எண்ணெயும் உரமும் காகிதமும் சேர்ந்து வருகின்றன. மணலி சுத்திகரிப்பு ஆலையின் எந்த அலகில் என்ன ஓடுகிறது என்பதை வேலையில் சேர்ந்தபின் கற்றுத் தருவார்கள். ஒரு வடித்தல் கோபுரம் ஏன் வெள்ளக்காடாகிறது என்பதை அடிப்படையிலிருந்து கற்றுத் தர அங்கே யாருக்கும் நேரமிருக்காது.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. அதில் உண்மை இருக்கிறது. பாலிமரும் உயிர்வேதிப் பொறியியலும் பொதுப்பாடத்தின் சிறு நீட்சிகள் என்று யாராவது சொன்னால் நம்பாதே. உருகிய பாலிமர் தண்ணீரைவிடப் பல லட்சம் மடங்கு பிசுபிசுப்பாக இருக்கலாம். வேகமாகத் தள்ளத் தள்ள அதன் பிசுக்கும் மாறும். நீ கற்ற குழாய்ப் பாய்வுச் சூத்திரங்களை அப்படியே அங்கே கொண்டுபோக முடியாது. உயிருள்ள செல் தன் வினைவேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். ஒரு தொற்று நுழைந்தால் மொத்தத் தொட்டியும் வீண். இவற்றில் ஆழம் தனியாகத் தேடிப் பெற வேண்டியது. இந்தப் பாடங்கள் உன்னை இழுத்தால் தாராளமாக எடு. பிளாஸ்டிக் சந்தை பெரிது என்பதற்காக எடுக்காதே. பாயும் பொருளே தன் குணத்தை மாற்றிக்கொள்ளும் அந்த விந்தைக்காக எடு. அந்தப் புரிதல் பெயின்ட் ஆலைக்கும் உணவு ஆலைக்கும் உன்னோடு வரும்.

கணினிப் பக்கம் சாய்கிறவர்கள் உன் வகுப்பில் நிறைய இருப்பார்கள். மாடலிங், கன்ட்ரோல் இரண்டுமே நல்ல பாடங்கள். கன்ட்ரோல் நம் கல்லூரிகளில் பெறும் மதிப்பைவிட அதிக மதிப்புக்கு உரியது என்பது என் கருத்து. ஆனால் சிமுலேஷன் மென்பொருள் எதைக் கேட்டாலும் ஒரு விடை தரும் என்பதை மறக்காதே. எத்தனாலும் தண்ணீரும் கலந்த கலவையைச் சாதாரண அழுத்தத்தில் எத்தனை தட்டு வைத்து வடித்தாலும் எடையில் 95.6 சதவீதத்தோடு எத்தனால் நின்றுவிடும். அந்தப் புள்ளியில் ஆவியும் திரவமும் ஒரே விகிதத்தில் இருக்கும். அதே கலவையை இலட்சியக் கரைசல் என்று மென்பொருளிடம் சொல்லிவிட்டால், 99.9 சதவீதம் கிடைக்கும் என்று தயங்காமல் அச்சிட்டுக் கொடுக்கும். அந்தத் தாளைப் பார்த்து இது நடக்காது என்று சொல்ல வெப்ப இயக்கவியல் தெரிந்த ஒருத்தி வேண்டும். ஆகவே மாடலிங் எடுத்தால், அதோடு அடிப்படைப் பாடம் ஒன்றின் மேல்நிலை எலெக்டிவையும் சேர்த்து எடு.

பாதுகாப்புப் பாடத்தைப் பற்றி மட்டும் என் தொனி மாறும். பல கல்லூரிகளில் அது எலெக்டிவ் பட்டியலில் ஓர் ஓரமாகக் கிடக்கிறது. போபாலைக் கண்ட நாட்டில் அது எல்லோருக்கும் கட்டாயமாக இருந்திருக்க வேண்டும். 2007 டிசம்பர் 19 அன்று அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில் டி2 லேபரட்டரீஸ் என்ற சிறிய ஆலையில் ஒரு ரியாக்டர் வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். பெட்ரோலில் சேர்க்கும் ஒரு பொருளை அங்கே தயாரித்தார்கள். உரிமையாளர்களில் ஒருவர் வேதியியலாளர், இன்னொருவர் வேதிப் பொறியாளர். ஆய்வகத்தில் 1 லிட்டர் கலனில் பார்த்த வினையை ஆலையில் 2,450 கேலன், அதாவது சுமார் 9,270 லிட்டர் கொள்ளும் ரியாக்டரில் நடத்தினார்கள். நீயே கணக்குப் போட்டுப் பார். வடிவம் ஒன்றே என்று வைத்துக்கொண்டால் நீளம் 21 மடங்கு, பரப்பு 21-இன் வர்க்கம், கொள்ளளவு 21-இன் கனம். வெப்பம் பிறப்பது கொள்ளளவில்; வெளியேறுவது சுவர்ப் பரப்பு வழியாக. ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் சுவர் 21-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அன்று குளிர்விப்பு தவறியது. மாற்று ஏற்பாடு இல்லை. வெப்பநிலை ஏறியபோது கரைப்பானே கலவையில் இருந்த சோடியத்தோடு வினைபுரியத் தொடங்கியது. விசாரித்த அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம், கட்டுமீறிப் போகும் வினைகளின் ஆபத்தை இளநிலைப் பாடத்திட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பட்டம் பெற்ற ஒருவருக்கு இந்த ஒரு கணக்கு கைவராமல் போனதன் விலை அந்த நான்கு உயிர்கள். உன் கல்லூரிப் பட்டியலில் பாதுகாப்புப் பாடம் இருந்தால் அதை முதலில் குறி. மற்ற இடங்களுக்குத்தான் தேர்வு.

கடைசியாக, எந்த வகைச் சிக்கல் உனக்குப் பிடிக்கும் என்பது உட்கார்ந்து யோசித்தால் தெரியவராது என்று நீ சொன்னால், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அதற்கு ஒரு வழி உண்டு. படிவம் கொடுக்கும் முன் விடுமுறை வருகிறது. கடலூரோ தூத்துக்குடியோ ராணிப்பேட்டையோ, அனுமதி கிடைக்கும் ஓர் ஆலைக்குள் இரண்டு வாரம் இன்டர்ன்ஷிப் போ. ஷிப்டில் இருக்கும் ஆபரேட்டரிடம் ஒன்று கேள்: நாளையிலிருந்து உற்பத்தியை ஒன்றரை மடங்கு ஆக்கச் சொன்னால், எந்தக் கருவி முதலில் கைவிரிக்கும்? அவர் ஒரு கண்டன்சரையோ ரியாக்டரையோ உலர்த்தியையோ கைகாட்டுவார். அது ஏன் கைவிரிக்கிறது என்று உன் நோட்டில் இரண்டு பக்கம் எழுத முயன்று பார். எழுதும்போது எந்தப் பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்தாய், எந்தப் பக்கத்தில் நேரம் போனது தெரியாமல் இருந்தாய் என்று கவனித்து வை. அந்த இரண்டு பக்கத்தையும் எனக்கு அனுப்பு. படிவத்தைப் பற்றி மறுபடி பேசுவோம்.

அன்புடன்,
உன் அக்கா